டீச்சர் இறக்கிவந்த படம்

நான் அந்தமானில், வண்டூரில் நான்காம் வகுப்புப் படித்தபோது இண்டர்நெட் எங்களுக்கு பஸ்ஸில் வரும் சாமான். எங்கள் டீச்சர் போர்ட் பிளேரில், லம்பா லைனில் குடியிருந்தார். ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டரை ஓடவிட்டு, பாடத்துக்கு வேண்டிய படங்களையும் வீடியோக்களையும் சொட்டுச் சொட்டாக இறக்கி, பென் டிரைவில் போட்டுக் காலை பஸ்ஸில் எடுத்துவருவார். தவளை வீடியோ பாதிதான் இறங்கியிருக்கும்; தலைப்பிரட்டையோடு நின்றுவிடும். மீதித் தவளையை நாங்களே கற்பனையில் வளர்த்துக்கொள்வோம்.

'நம் ஊர்' பாடத்துக்காக ஒருநாள் வானத்திலிருந்து எடுத்த வண்டூர் படத்தைக் கொண்டுவந்தார். புதிய படங்களில் எல்லாம் மேகம் மறைத்திருந்ததால், இருப்பதிலேயே தெளிவானதைப் பார்த்து இறக்கியிருக்கிறார். அது எந்த வருஷத்துப் படம் என்று மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்த அவருக்குப் பார்க்கத் தோன்றவில்லை. எங்களுக்கோ அது அந்த நிமிஷத்துப் படம். இரண்டு பையன்கள் வெளியே ஓடி வானத்தைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு, திரையில் தெரிகிறோமா என்று உள்ளே வந்து பார்த்தார்கள்.

அவரவர் வீட்டைக் கண்டுபிடிக்கச் சொன்னார் டீச்சர். எங்கள் வீடு இருக்கவேண்டிய மேட்டில் வெறும் காடு இருந்தது. பள்ளிக்கு வரும் வழியில் பட்டமரங்கள் நிற்கும் உப்புத்தண்ணீர்த் தேக்கம் ஒன்று உண்டு. அந்த இடம் படத்தில் பச்சை வயலாக இருந்தது. வயலோரம் நீலக்கூரை போட்ட ஒரு வீடு. அதன் முற்றத்தில் ஆள் நிற்பதுபோல் ஒரு கறுப்புப் புள்ளி.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். டூரிஸ்ட் படகு ஓட்டும் அப்பா சீசனில் காய்ச்சல் வந்தால்கூட லீவு போடமாட்டார். மறுநாள் படகை ஜெட்டித் துறையில் கட்டிப்போட்டுவிட்டு என்னோடு பள்ளிக்கு வந்தார்.

"டீச்சர், இத தோடா, கொஞ்சம் பெருசு பண்ணுங்க."

டீச்சர் பெரிதாக்கினார். வீடு கட்டம் கட்டமாகச் சிதறியது. சூடான பாத்திரத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல் அப்பா அந்தப் புள்ளியில் விரலை வைத்தார். டீச்சருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும், எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். அதன்பிறகு தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அப்பா வந்து அந்தப் படத்தின் முன்னால் உட்கார ஆரம்பித்தார்.

அது யார் வீடு என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா மீன் கழுவுவதை நிறுத்தவில்லை. "உங்கப்பாவோட மொத வீடு. அவரு மொதல்ல கட்டின அக்காவும் அவங்க சின்னப் பையனும் இருந்தாங்க. சுனாமி தண்ணில போயிட்டாங்க. நெலமும் தாழ்ந்து தண்ணி அங்கயே நின்னுபோச்சு. சல், போய்ப் படி."

சுனாமி நான் பிறக்குமுன்பே வந்துபோனது. படத்தில்தான் ஆள் நிற்கிறதே! தண்ணீரில் போனவர்கள் தண்ணீருக்கு அடியிலேயே குடியிருக்கிறார்கள், மேலேயிருந்து பார்த்தால் மட்டும் தெரிகிறார்கள் என்று நானாக முடிவுகட்டினேன். அவர்களைப் பார்க்கத்தான் அப்பா தினமும் வருகிறார். ஒருநாள் அவர்களோடேயே போய்விடுவார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பள்ளிக்குப் போகும்போது அந்தத் தண்ணீரோரம் தனியாக நின்றேன். வற்றம், கடல் இறங்கியிருந்த நேரம். இரண்டு சிமெண்ட் தூண்களின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. இலை அசையவில்லை.

"எங்கப்பாவக் கூப்பிடாதீங்க" என்று தண்ணீரிடம் சொன்னேன்.

தூண்களுக்கு நடுவில் ஒரு குமிழி வந்து உடைந்தது. கொஞ்சம் தள்ளி, சின்னதாக இன்னொன்று. நான் புத்தகப்பையைக்கூட எடுக்காமல் ஓடினேன்.

டீச்சரிடம் போய், அந்தப் படத்தைப் பார்த்தால் அப்பாவுக்கு அழுகை வருகிறதாம், அழித்துவிடச் சொன்னார் என்று ஒரு பொய் சொன்னேன். கண்ணில் தண்ணீரும் தானாக வந்து உதவியது. டீச்சர் பாவம், நம்பிவிட்டார். இரண்டு நாள் கழித்து, மேகம் ஓரமாக ஒதுங்கியிருந்த ஒரு புதுப் படத்தைத் தேடி எடுத்துவந்து பழையதை என் எதிரிலேயே அழித்தார்.

அன்றும் அப்பா வந்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். மேட்டில் எங்கள் வீடு, வாசலில் காயப்போட்ட வலை எல்லாம் தெரிந்தது. கீழே வயல் இருந்த இடத்தில் சாம்பல் நிறத் தண்ணீர்.

"பாருப்பா, அங்க ஒண்ணுமே இல்ல."

அப்பா வெகுநேரம் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அச்சா. நம்ம வீடு நல்லாத் தெரியுது" என்று என் தலையைத் தடவிவிட்டு ஜெட்டிக்குப் போனார்.

அவர் கேட்டிருந்தால் டீச்சர் பழைய படத்தை மறுபடியும் இறக்கித் தந்திருப்பார். அப்பா கேட்கவில்லை, பள்ளிக்கும் அதற்குப்பின் வரவில்லை. அப்பாவைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தில் நான் அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். கடல் ஒருமுறை செய்ததை நான் அவர் கண்ணெதிரே இன்னொருமுறை செய்திருக்கிறேன் என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.