வெள்ளிக்கிழமை மேடு

தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய ரப்பர் படலங்களை அகச்சிவப்பு ஒளியில் வைத்துப் பார்ப்பதுதான் ஈப்போவில் என் வேலை. மூலக்கூறுகள் சும்மா இருக்காது, ஓயாமல் அதிரும். எந்த அதிர்வு எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று கருவி கோடு போட்டுக் காட்டும். துளி அழுக்குப் பட்டாலும் கோட்டில் ஒரு மேடு எழும்பிவிடும்.

படலம் தயாரித்துத் தருபவர் ஓர் அக்கா. இப்போது செம்பனைக் காடாகிவிட்ட ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், அவர் அம்மா அங்கே ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர். அக்காவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் வெள்ளிக்கிழமைப் படலங்களில் மட்டும் எண்ணெயின் மேடு வர ஆரம்பித்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அவருடைய வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் படிவம் அப்போது என் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது.

"வெள்ளிக்கிழம எண்ணெ தேய்ச்சுக் குளிச்சிட்டுதானே வாரீங்க? இப்படி இருந்தா நான் எப்படிக்கா கையெழுத்துப் போடுறது?" என்றேன்.

அக்கா முகம் வாடியது. "தேய்க்கிறேன்தான். வெளக்கெண்ணெ," என்றார். திங்கட்கிழமை ஒரு சின்னப் புட்டியை என் முன்னால் வைத்தார். "மெஷின்ல போட்டுப் பாருங்கலா."

போட்டேன். அதே மேடு இருந்தது. கூடவே இடப்பக்கம் அகலமாக இன்னொன்றும் இருந்தது. எங்கள் படலங்களில் அந்த இரண்டாவது மேடு இல்லவே இல்லை. அப்படியானால் இது வேறு ஏதோ எண்ணெய். யோசித்துக்கொண்டே, கையுறை போட்ட விரலால் நெற்றி முடியை ஒதுக்கினேன். விரல் அப்படியே நின்றது. வெள்ளிக்கிழமை காலையில் அம்மா என்னைப் பிடித்து உட்காரவைத்துத் தலையில் வைத்து அனுப்புவது தேங்காய் எண்ணெய்.

மறுநாள் அதையும் கொண்டுவந்து பார்த்தேன். அச்சு அசல் எங்கள் மேடு.

"தப்பு என் மேலக்கா. மன்னிச்சிருங்க."

"தெரியும். முடிய ஒதுக்கிட்டுத்தானே படலத்தத் தொடுவீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நான் சொன்னா கேட்டிருப்பீங்களா? மெஷின் சொன்னாத்தானே நம்புவீங்க."

படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். தலை நிமிர்வதற்குள் அக்கா தன் கொண்டையிலிருந்த கிளிப்பைக் கழற்றி, என் நெற்றி முடியைத் தூக்கிக் குத்திவிட்டார்.