வலி இல்லை என்று எழுதிய வீடு

அந்த வருஷம் ஆடி பிறப்பதற்கு முன்பே காற்று தொடங்கிவிட்டது. அல்லிநகரத்திலிருந்து மார்க்கையன்கோட்டைப் பக்கம் ஸ்கூட்டரில் போகும்போது வண்டியை ரோட்டோரத்துக்கே தள்ளியது. வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் கண்ணெல்லாம் மண்.

நான் பிசியோதெரபிஸ்ட். தேனியில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன். அத்தோடு ஓர் ஆராய்ச்சிக்கு இந்தப் பகுதியில் தகவல் சேகரிக்கவும் ஒப்புக்கொண்டிருந்தேன். ஓடி ஓடி, பாரம் சுமந்து சுமந்து, ராணுவத்தில் இருப்பவர்களின் காலெலும்பில் மெல்லிய விரிசல் விழும். அதை முன்கூட்டியே கண்டுபிடித்தால் எலும்பு முறியாமல் காப்பாற்றலாம். அதற்காக, லீவில் வந்திருப்பவர்களை வீட்டில் போய்ப் பார்த்துக் கேள்வித்தாளை நிரப்பி அனுப்ப வேண்டும்.

அன்று நான் பார்க்கப் போன ராணுவக்காரருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். பதினோரு வருஷ சர்வீஸ். வாய்க்காலை ஒட்டிய வீடு, சுவரில் மாதா படம், வெளியே தென்னை. அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படி வாசலில் நின்றுகொண்டார்.

"ஓடும்போது வலி இருக்கா? பூஜ்யத்துலருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

"பூஜ்யம் மேடம்."

"ராத்திரியில?"

"அதுவும் பூஜ்யந்தான்."

ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன். இடது காலில் தூண் மாதிரி நின்றார். வலது காலுக்கு மாறியதும் சிரித்துக்கொண்டேதான் நின்றார், ஆனால் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. சட்டென்று காலை ஊன்றி, "தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்று உள்ளே போனார். நான் பூஜ்யம் என்றே எழுதினேன்.

கிளம்பும்போது அவர் மனைவி கேட் வரை வந்தார்.

"அக்கா, அவுக சொன்னதையா எழுதுனீக?"

"ஆமா. அதைத்தான் எழுத முடியும்."

"சாக்ஸ் மாட்டக் காலத் தூக்க முடியல அவுகளுக்கு. நாந்தான் மாட்டி விடுறேன். அத மாட்டிக்கிட்டுத்தான் ஓடப் போறாக."

எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பில் கையை வைத்துக் காட்டினார். கெண்டைக்கால் எலும்பில் விரிசல் என்றால் ஓய்வெடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். அவர் காட்டியது தொடையெலும்பின் கழுத்து. மொத்த உடம்பையும் அந்தச் சின்ன இடம்தான் தாங்குகிறது. அங்கே முறிந்தால் ரத்த ஓட்டம் நின்று எலும்பின் தலையே செத்துப்போகலாம்.

ஆராய்ச்சியை நடத்தும் டாக்டருக்குப் போன் செய்தேன். "அவர் சொன்னதை அப்படியே அனுப்புங்க. ஸ்கேன் எடுக்கச் சொல்லி வற்புறுத்துங்க. ஆனா அவரோட யூனிட்டுக்கு நாம எதுவும் சொல்லக் கூடாது. அந்த வாக்கைக் கொடுத்துத்தானே கையெழுத்து வாங்கியிருக்கோம்" என்றார்.

மறுநாளே திரும்பப் போனேன். மனைவி சொன்னதாகச் சொல்லவில்லை. நின்றதைப் பார்த்தே தெரிந்தது என்றேன்.

"லீவு முடிஞ்சதும் புரோமோஷனுக்கு ஓடிக் காட்டணும் மேடம். இப்பப் போயி சொன்னா மெடிக்கல் கேட்டகிரிய இறக்கிருவாக. எனக்குப் பின்னால வந்தவன் எல்லாம் முன்னால போயிருவான்."

"எலும்பு முறிஞ்சா?"

"பதினோரு வருஷமா ஓடுறேன். முறியணும்னா எப்பவோ முறிஞ்சிருக்கும்."

எக்ஸ்ரே எடுக்க மட்டும் சம்மதித்தார். படத்தில் ஒன்றும் இல்லை. ஆரம்ப விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்ஆர்ஐ எடுத்தால்தான் தெரியும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "சுத்தமா இருக்கு பாருங்க" என்றார். ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அன்று எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. ஒருவேளை அவர் சொல்வதே சரியோ என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டேன். அந்த இரண்டு நாளும் நான் போன் செய்யவில்லை.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு அவர் மனைவியிடமிருந்து போன் வந்தது. முதலில் காற்றின் இரைச்சல்தான் கேட்டது. பிறகு, "வாய்க்கா கரையில விழுந்து கிடக்காக" என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தடுக்கி விழவில்லை, யாரும் இடிக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தவருக்கு தென்னை மட்டை ஒடிவதுபோல உள்ளே ஒரு சத்தம் கேட்டிருக்கிறது. வலது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. அவர் என்னைப் பார்த்தார்.

மதுரையில் ஆபரேஷன் செய்து ஸ்குரு போட்டார்கள். எலும்பின் தலை பிழைக்குமா என்பதை மாதக்கணக்கில் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். சிக் லீவில் வீட்டில் இருந்த நாட்களில் வாரம் மூன்று தடவை ஆட்டோவில் என் கிளினிக்குக்கு வந்தார். சொன்ன பயிற்சியைச் செய்வார், பேச மாட்டார். மனைவிதான் என்னோடு பேசுவார். அவரும் சாக்ஸ் பேச்சைத் திரும்ப எடுக்கவேயில்லை.

ஒரு நாள் படுத்தபடி இடது காலை மெதுவாகத் தூக்கிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"மேடம், இந்தப் பக்கமும் இருக்கு."

"எத்தனை நாளா?"

"மூணு நாளா. நம்பர் சொல்லவா? நாலு. ஊனி நின்னா ஆறு."

அவர் மனைவி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நான் காத்திருந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு அவர்களோடு ஸ்கேன் சென்டருக்குப் போனேன். இடது பக்கத்திலும் கோடு இருந்தது. சின்னதுதான். ஆபரேஷன் தேவைப்படவில்லை. ஆனால் இரண்டு காலையும் ஊன்றக் கூடாது என்றார்கள். அத்தனை வாரமும் அந்த மனிதரைத் தூக்கி உட்கார வைத்தது அந்த ஒல்லியான பெண்தான்.

இப்போது இரண்டு பக்கமும் எலும்பு கூடிவிட்டது. வலது பக்கத்தை மட்டும் இன்னும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை படமெடுத்துப் பார்க்கிறார்கள். கேட்டகிரி இறங்கியது. புரோமோஷன் இல்லை. யூனிட் ஸ்டோரில் வேலை.

போன வாரம் யூனிட்டிலிருந்து கூப்பிட்டார்.

"இங்கன ஒருத்தன் படி ஏறும்போது தொடையக் கையால தூக்கி வைக்கிறான் மேடம். கேட்டா ஒண்ணுமில்லங்குறான்."

"நீங்க என்ன செஞ்சீக?"

"எங்க டாக்டர், எம்ஓகிட்ட நேராப் போயிச் சொல்லிட்டேன். இப்ப அவன் எங்கூடப் பேசுறதில்ல."

"ஸ்கேன் எடுத்தாகளா?"



"எம்ஓ கூப்பிட்டுக் கேட்டாக. வலியே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டான். திங்கக்கிழமை ஓட்டம் இருக்கு."