சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவே

என் அம்மாவும் அப்பாவும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதை நான் வளரும்போது பார்த்ததில்லை. சண்டையெல்லாம் கிடையாது. சண்டை போட்டிருந்தால்கூட நாலு வார்த்தை பேசியிருப்பார்கள். அம்மா கல்யாணமாகி வந்தபோது அது பெரிய குடும்பம். மாமனார், மாமியார், கொழுந்தனார்கள் எதிரில் புருஷனிடம் வாய் திறந்து பேசுவது மரியாதையில்லை. சோறு தயார் என்பதைக்கூட ஏதாவது ஒரு குழந்தையிடம்தான் சொல்லி அனுப்ப வேண்டும். பிறகு பெரியவர்கள் போய்ச் சேர்ந்தார்கள், கொழுந்தனார்கள் பாகம் பிரித்துக்கொண்டு போனார்கள், வீட்டில் நாங்கள் மூன்று பேர் மிஞ்சினோம். பழக்கம் மட்டும் போகவில்லை. சொல்லி அனுப்புவதற்கு நான் இருந்தேன்.

"அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு கண்ணு" என்று அம்மா சமையலறையிலிருந்து சொல்வார். முன்னறையில் இருக்கும் அப்பாவுக்கு அது நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் போய்ச் சொன்னால்தான் எழுந்திருப்பார். சாப்பிடும்போது, "உப்பு கொஞ்சம் கம்மின்னு சொல்லு சாமி" என்பார். நான் திரும்புவதற்குள் உப்பு வந்துவிடும். தனியாக இருக்கும்போது என்ன பேசினார்களோ, தெரியாது. நான் பிறந்திருப்பதால் ஏதோ பேசியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்ததும் விட்டது தொல்லை என்று இருந்தேன். செல்போன் என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டேன். ஆபீசில் தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது அம்மாவிடமிருந்து போன் வரும்.

"அப்பா கறி எடுத்துட்டு வர்றாங்களா, இல்ல ரசம் வெச்சுரட்டுமான்னு கேளு கண்ணு."

"அப்பா எங்கம்மா இருக்காங்க?"

"முன்னால உக்காந்து டிவி பாக்கறாங்க."

போனை வைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிடுவேன். "ரசமே போதும்னு சொல்லீரு" என்பார். அவர் குரலுக்குப் பின்னால் அம்மாவின் குக்கர் விசிலடிப்பது எனக்குக் கேட்கும்.

எனக்கு வாய்த்த உத்தியோகமும் அதேதான். பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் சொல்வதைத் தையல் செக்‌ஷனுக்கும், தையல் செக்‌ஷன் சொல்வதை பையருக்கும் கொண்டுபோக வேண்டும். இரண்டு பக்கத்துத் திட்டும் முதலில் எனக்குத்தான். ஒருநாள் ட்ரெயினிங் என்று எங்களை ஹாலில் உட்காரவைத்தார்கள். வந்தவர் போர்டில் இரண்டு வட்டம் போட்டார். ஒன்று சொல்பவர், இன்னொன்று கேட்பவர். நடுவில் ஒரு அம்பு, அது சேதி போகும் வழி. கீழே இன்னொரு அம்பு திரும்பி வந்தது, அது பதில். வழியில் நாலைந்து கோணல் கோடுகளைக் கிறுக்கி, அது இரைச்சல் என்றார். இரைச்சல் இல்லாவிட்டால் சேதி முழுசாகப் போய்ச் சேரும், மனிதர்கள் பேசுவது இவ்வளவுதான் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த அம்பு நான்தான். ஒரு வார்த்தை மாற்றாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் என்னை அடிக்க ஆளில்லை என்று கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

அடுத்த மாதமே அம்மாவைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டி வந்தது. கர்ப்பப்பையில் கட்டி. எடுத்துவிட வேண்டும், எடுத்துப் பரிசோதித்தால்தான் என்ன கட்டி என்று தெரியும், தள்ளிப்போட வேண்டாம் என்றார் டாக்டரம்மா. பஸ்ஸில் திரும்பும்போது அம்மா ஒன்றுதான் சொன்னார். "அப்பாகிட்ட நீயே சொல்லீரு கண்ணு. என்ன சொல்றாங்கன்னு எனக்குச் சொல்லு."

அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அம்மாவை அங்கே விட்டுவிட்டுத் திருப்பூர் வந்து அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் ஆடு மேய்த்துக்கொண்டு காட்டில் இருந்தார். பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் வேலையை விட்டபிறகு ஆடுகள்தான் அவருக்கு. நான் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு, "டாக்டர் சொன்னாப் பண்ணித்தான ஆகோணும். பாத்துக்கலாம்னு சொல்லு சாமி" என்றார்.

அப்படியே அம்மாவிடம் சொன்னேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

"எப்படிச் சொன்னாங்க? மொகம் எப்படி இருந்துச்சு?"

"போன்ல மொகம் எப்படிம்மா தெரியும்?"

அம்மா பெருமூச்சு விட்டார். "ஆபரேசனெல்லாம் வேண்டாங்கண்ணு. இப்படியே இருந்துட்டுப் போறேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கெஞ்சினேன், கத்தினேன். அம்மா அசையவில்லை. ஆஸ்பத்திரியில் குறித்துக் கொடுத்த நாள் நெருங்கிக்கொண்டே இருந்தது. அந்தக் கட்டி என்ன கட்டியோ என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. வேறொரு நாள் பையரோடு போனில் பேசும்போது அந்தப் பக்கம் சற்று அமைதியாக இருந்தது. அப்போதுதான் உறைத்தது. அப்பாவும் அப்படிப் பேசாமல் இருந்தாரே, அதை நான் அம்மாவிடம் சொல்லவேயில்லை. வார்த்தையை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அம்மாவுக்கு வேண்டியிருந்தது மற்றது, அதை இன்னொருவர் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அப்பா நாற்காலியில் இருந்தார், அம்மா சமையலறைக் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். டிவியை நிறுத்தினேன்.

"இனிமேல் யாருக்கும் எதையும் நான் சொல்ல மாட்டேன். ரெண்டு பேரும் இங்கதான இருக்கீங்க. பேசிக்கங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாக முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதுவும் பலிக்காவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று தெரியாது.

"எப்ப இருந்து வலி?" என்றார் அப்பா. என்னிடம் இல்லை.

அம்மா பழக்கத்தில் என் பக்கம் திரும்பினார். நான் திரும்பவில்லை.

"ஆறேழு மாசமா இருக்குமுங்க."

"ஏன் சொல்லல?"

"சொல்லறதுக்கு ஆளில்லீங்க. பாப்பா திருப்பூர்ல இருக்கறா."

"நான் ஊட்லதான இருந்தேன்" என்றார் அப்பா. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அம்மா நிலையை விட்டு நகர்ந்து வந்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அழுவாதீங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். பிறகு, "எப்பங்க போலாம்?" என்று கேட்டார். நான் ஆடுகளுக்குத் தண்ணீர் வைக்கிறேன் என்று எழுந்து போய்விட்டேன். அங்கே நின்று நானும் அழுதேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பயப்படும்படி ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட்டும் வந்தது. படிக்கிறவர்கள் பதற வேண்டாம் என்று இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல நினைத்தது ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் நடந்தது. இருவருக்கும் கேன்டீனில் டீ வாங்கிக்கொண்டு வார்டுக்குத் திரும்பினேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அப்பாவின் குரல் கேட்டது.

"கையெழுத்துப் போடச் சொன்னப்ப எனக்குக் கை ஆடிப்போச்சு."

"பாத்தனுங்க" என்றார் அம்மா. "எனக்கும் பயமாத்தான் இருக்குது."

கட்டில் கிரீச்சிட்டது. அப்பா எழுந்து அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"இதைப் பாப்பாகிட்டச் சொல்லீராத" என்றார். "பயந்துக்குவா."

"நான் எதுக்குங்க சொல்றேன்" என்றார் அம்மா.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். டீ ஆறிக்கொண்டிருந்தது. ஆறட்டும் என்று இருந்துவிட்டேன்.