கழுத்தில் தொங்கிய திறப்பு

அனர்த்தம் வந்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்று எண்பது பக்கத்தில் திட்டம் எழுதியவன் நான். அந்தத் திட்டத்தில் வரும் மருந்து அறைக்கு இருந்த ஒரேயொரு திறப்பை, அந்தச் சாவியை, அடையாள அட்டையோடு கழுத்தில் மாட்டிக்கொண்டு வெள்ளவத்தை வீட்டுக்குப் படுக்கப் போனவனும் நான்தான். ஐம்பது வயதுக்காரன் செய்த வேலை இது.

கொழும்பில் அனர்த்த ஆயத்தப் பிரிவொன்றில் மருத்துவராக இருந்தேன். வெள்ளம் வந்தால் நகரத்தின் மறுமுனையில் உள்ள கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடம் ஒன்றில் சனத்தைத் தங்கவைப்பது ஏற்பாடு. அங்கே ஒரு அறையில் மருந்து ஸ்டோர். உள்ளே ஃபிரிட்ஜ், அதற்குள் இன்சுலின். பூட்டின் மேல் அரக்கு சீல். அரச ஸ்டோரின் சீலை உடைத்தால் விசாரணை வரும். அது பென்ஷன் எடுக்கும் வரைக்கும் பின்னால் வரும் என்று எங்கள் எல்லாருக்கும் பயம். அதனால் திறப்பைப் பொறுப்பான ஆள், அதாவது நான், யாரிடமும் கொடுப்பதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அன்று விடியும்போது எங்கள் வீட்டு வாசல் ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர். ஃபோன் அடித்தது. கொட்டாஞ்சேனை மிட்வைஃப் ரஞ்சினி மிஸ்.

“டாக்டர், ஆத்தோரத்து சனம் ராத்திரியே வந்துருச்சு. பழக்கடை செல்வராணி இருக்காங்கல்ல, தினம் இன்சுலின் போடுறவங்க. மருந்தெல்லாம் வெள்ளத்தோட போயிருச்சு. நேத்துலருந்து ஊசி இல்ல. இப்ப வாந்தி எடுக்குறாங்க. ரோட்டுல தண்ணி, ஆம்புலன்ஸ் வராது. போட் மத்தியானம்தான்னு சொல்றாங்க. சாவி எங்க?”

நான் கழுத்தைத் தடவிப் பார்த்தேன்.

“என்னட்டத்தான் மிஸ். சீலில கை வையாதேங்கோ. இந்தா வாறன்.”

சப்பாத்தைக் கழற்றி ஷொப்பிங் பையில் போட்டு, காற்சட்டையை மடித்துவிட்டு இறங்கினேன். ரயில் இல்லை. காலி வீதியில் ஒரு த்ரீவீல்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். கடைசியில் ஒரு பஸ் கிடைத்தது. அது பம்பலப்பிட்டியில் நின்றுவிட்டது. அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு நடந்தால் எத்தனை மணித்தியாலம் என்று கணக்குப் போட்டேன். வாந்தி எடுக்கும் சீனி வருத்தக்காரிக்கு அவ்வளவு நேரம் இல்லை என்பது மருத்துவனான எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் நடக்கத் தொடங்கினேன்.

அப்போதுதான் எங்கள் பிரிவின் தலைவர் எனக்கு ஃபோன் எடுத்தார். இராணுவ மருத்துவப் படையில் இருந்து ஓய்வுபெற்றவர். நாங்கள் கேர்ணல் சேர் என்போம். வடக்கில் வேலை செய்த காலத்தில் பழகிய தமிழ் அவருடையது.

“டொக்டர், எங்க நிக்கிறது?”

“பம்பலப்பிட்டியில சேர். திறப்பு கொண்டு போறன்.”



“நீங்க எழுதின பிளான் நான் வாசிச்சது. அதில டொக்டர் தண்ணியில மாட்டினா என்ன செய்றது எண்டு எந்தப் பக்கத்தில இருக்கு?”

“இல்லை சேர்.”

“சரி. பூட்டு உடைக்கச் சொல்லுங்க. விசாரணை வந்தா நான் சைன் பண்றேன்.”

உடனே ரஞ்சினி மிஸ்ஸுக்கு எடுத்தேன். “மிஸ், உடையுங்கோ. சேர் சொல்லிப்போட்டார்.”

“அது அப்பவே உடைச்சாச்சு டாக்டர்.”

“எப்ப?”

“நீங்க ‘இந்தா வாறன்’ன்னு சொன்னீங்கல்ல, அப்ப. வெள்ளவத்தை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? கேன்டீன் அம்மிக்குழவியால ரெண்டு போடு. ஊசி போட்டாச்சு. சீலையும் ஃபோட்டோ எடுத்து, ரெண்டு பேர்கிட்ட சாட்சிக் கையெழுத்தும் வாங்கி வச்சிருக்கேன்.”

பின்நேரம் போய்ச் சேர்ந்தபோது செல்வராணியை போட்டில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். ஆள் தேறிவிட்டார். உடைந்த பூட்டு மேசையில் இருந்தது. என் திறப்பு அதற்கு இன்னும் சரியாகத்தான் பொருந்தியது.

பிறகு திட்டத்தைத் திருத்தினோம். இப்போது மூன்று திறப்புகள். ஒன்று ரஞ்சினி மிஸ்ஸிடம், ஒன்று பள்ளிக்கூட வாட்ச்சரிடம், ஒன்று எதிரே இருக்கும் பேக்கரியில். அடுத்த ஒத்திகையில் கேர்ணல் சேர் என் பெயருக்கு நேரே ‘வெள்ளவத்தையில் மாட்டிக்கொண்டார்’ என்று எழுதி, ஒரு கதிரையில் உட்காரவைத்து, கையில் பிளேன்டீயையும் தந்துவிட்டார். எழும்பக் கூடாது, வாயும் திறக்கக் கூடாது. என் கண் முன்னாலேயே எல்லா வேலையும் நடந்து முடிந்தது. இப்போது வெளிநாடுகளில் இருந்து பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களுக்கு நான் முதல் நாள் கொடுப்பது அந்தக் கதிரையைத்தான். பொறுப்பில் இருப்பவன், தான் வராத நாளுக்கும் சேர்த்துத்தான் ஆயத்தம் செய்ய வேண்டும் என்பதை நான் உட்கார்ந்துதான் படித்தேன்.

போன மாதம் செல்வராணியின் கடையில் வாழைப்பழம் வாங்கினேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்கதானே அன்னைக்குச் சாவியோட நடந்து வந்த டாக்டர்?”

“ஓம்.”

“இப்ப சாவி யார்கிட்ட இருக்கு?”

மூன்று பேரையும் சொன்னேன். பழத்தைப் பையில் போட்டுக்கொண்டே தலையாட்டினார்.

“அப்ப சரி. இனி நீங்க வராட்டியும் பரவாயில்ல.”