குளிரில் வைத்த சுதி

எனக்குச் சுதி நிற்காது என்று சின்ன வயதிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டவள் என் அக்கா. பழனியில் பஞ்சாமிர்தக் கடைக்காரர் வீட்டு மருமகள். அவள் மகன் கல்யாண வரவேற்பில் என் வீட்டுக்காரர் குழல் ஊத, நான் பாடுவதாகப் பேச்சு வந்ததும், "குழல் சரி, பாட்டுக்கு வேற ஆளு கெடைக்கலையா?" என்று போனில் கேட்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு தடவையாவது அவள் வாயை அடைத்துவிட வேண்டும்.

நாங்கள் இருக்கும் கொடைக்கானலில் பாடிப் பழக எங்களுக்கு வாய்த்தது காலை நேரம்தான். நான் ஓட்டல் ரிசப்ஷனுக்கும் அவர் பள்ளிக்கூட ஆபீசுக்கும் கிளம்புவதற்குள், ஸ்வெட்டரும் மப்ளருமாகக் கட்டிலில் உட்கார்ந்து பாடிப் பார்ப்போம். சுதிக்குத் தம்பூராவுக்குப் பதில் போனில் ஒரு ஆப். மூங்கில் குழல் குளிரில் சுதி இறங்கிவிடும். கம்பளிக்குள் வைத்திருந்து எடுத்தாலும் முழுசாக ஏறாது. அதனால் அவர் ஆப்பில் சுதியைக் கொஞ்சம் இறக்கிக் குழலோடு சேர்த்துவிட்டார். எங்காவது உரசினால் ஊதுவதை நிறுத்தி என்னைப் பார்ப்பார். நான் உடனே மாற்றிக்கொள்வேன். எது பிசகினாலும் நான்தான் காரணம் என்று நம்பியே வளர்ந்தவள். எல்லாம் அக்காவின் புண்ணியம்.

வரவேற்பன்று மலைப்பாதையில் டூரிஸ்ட் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. பழனி மண்டபத்துக்குள் நுழைந்ததும் நேராக மேடை. எதையும் சரிபார்க்க நேரமில்லை.

முதல் பாட்டு எப்படியோ ஓடிவிட்டது. பழனிப் புழுக்கமும் மேடை விளக்கும் சேர்ந்து குழலைச் சூடாக்கியிருக்க வேண்டும். இரண்டாவது பாட்டில் அது மேலே ஏறிக்கொண்டது. குழல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவர் வழக்கம்போல என்னைப் பார்த்தார். முன்வரிசையில் அக்கா முகத்தைச் சுளித்தாள். பழக்க தோஷத்தில் குரலை ஏற்றப் போனேன். ஆனால் ஆப்பின் சுதி காதில் தெளிவாகக் கேட்டது. நான் அதில்தான் நின்றுகொண்டிருந்தேன். மாற்றவில்லை. அவர் இன்னொரு தடவை பார்த்தார், அப்புறம் குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். மிச்சப் பாட்டை நான் தனியாகவே பாடி முடித்தேன்.

கைதட்டல் அடங்குவதற்குள் அவர் போனை எடுத்துப் பார்த்தார். மலையில் இறக்கி வைத்த சுதி அப்படியே இருந்தது. அசடு வழிய அதை ஏற்றி வைத்தார். அடுத்த பாட்டுகளில் தொந்தரவு இல்லை.

பந்தியில் அக்காவே பாயச வாளியோடு வந்தாள். "தம்பி, ரெண்டாவது பாட்டுல குழலு விலகிப்போச்சே" என்று அவரிடம் கேட்டாள். மலைக் குளிருக்கு வைத்த சுதியை அப்படியே கீழே கொண்டுவந்துவிட்ட கதையை அவர் விளக்க ஆரம்பித்தார். அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. என் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

"நீ சுதிய விட்டு அசையவே இல்லையேடி."

அவளிடம் சொல்ல எத்தனையோ வைத்திருந்தேன். "இன்னும் ஒரு கரண்டி ஊத்துக்கா" என்று மட்டும் சொன்னேன்.