அரிப்பில் இணைப்பு அறுந்தபோது

கிழமை நாட்களில் மன்னாரில் ஒரு மீன் கம்பனியில் பயிலுநர் வேலை, சனி ஞாயிறில் வவுனியாவில் கணினி வலையமைப்பு வகுப்பு. வேலையும் படிப்பும் சேர்ந்த இந்தப் பாடநெறியில் எனக்கு ஓய்வுநாளே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, அரிப்பு என்ற கரையோர ஊரில் உள்ள எங்கள் மீன் சேகரிப்பு நிலையத்துக்குப் புது நெட்வொர்க் சுவிட்ச் பூட்டப் போனேன். அங்கே மாற்றாக இரண்டாவது இணைய இணைப்பு ஒன்று வேண்டுமென்று கேட்டிருந்தேன். கம்பனி தரவில்லை. பூட்டி முடித்ததும் சர்வர் அறைக் கதிரையில் சாய்ந்தேன். அந்தக் கட்டடத்தில் ஏசி உள்ள ஒரே அறை அது. அப்படியே நித்திரையாகிவிட்டேன்.

விழித்தபோது மன்னாருக்கான இணைப்பு அறுந்திருந்தது. உப்புக்காற்றில் பச்சை பிடித்த வயர் முனையைப் பூட்டும்போது நான் கவனிக்கவில்லை. இணைப்பு இல்லாமல் பில் போட முடியாது. பில் இல்லாமல் மீன் லொறி நகராது. பதறிக்கொண்டு வெளியே ஓடினேன்.

பில் போடும் பரீதா அக்கா ஃபோனை வைத்துவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனக்கா என்னை எழுப்பேல்ல?"

"கதவைத் திறந்து பார்த்தனான். வாயைத் திறந்தபடி நித்திரை. நாளைக்கு வகுப்பும் இருக்கெல்லோ. நாங்கள் பில்லுக்குப் பதிலா மீன் நிறையைப் பெட்டி மூடியில எழுதி, மன்னாருக்கு ஃபோனில சொல்லி அனுப்பிட்டம். லொறியும் போயிட்டுது. ஆறுதலாப் பாருங்கோ, தங்கச்சி."

மறுநாள் வகுப்பில் பரீட்சை. முதன்மை இணைப்பு அறுந்தால் வேலை நிற்காமல் எப்படிக் காப்பது என்று ஒரு கேள்வி. புத்தகத்தில் உள்ளதை எழுதினேன், முழுப் புள்ளியும் கிடைத்தது. பரீதா அக்காவின் பெயரை எழுதத்தான் அந்தத் தாளில் இடமில்லை.