அக்கா கேட்ட கேள்வியும் ஒரு வரி நிரலும்

சித்தூரில் ஒரு மாங்கூழ் ஆலையின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வாரம் ஒருமுறை திருப்பதியிலிருந்து பஸ்ஸில் போவேன். கூழைச் சூடாக்கும் இடத்தில் இருந்த கணினியில், வெப்பநிலை அளக்கும் சிறு கருவி ஒன்றைச் செருகியிருந்தார்கள். கரண்ட் போய் வந்தால் அந்தக் கருவி கணினிக்குத் தெரியாது. கருவியைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் நிரலை ஏற்றச் சொல்லி யாராவது கட்டளை அடிக்க வேண்டும். அடிப்பவர் எப்போதும் அங்கே ஆபரேட்டராக இருந்த அக்காதான்.

கணினி தொடங்கும்போதே டிரைவர் ஏறும்படி ஒரு கோப்பில் எழுதிவைத்தேன். வேலை முடிந்தது என்றிருந்தேன். சீசன் நடுவில் கணினியை மாற்றினார்கள். புதியதில் அந்தக் கோப்பு இல்லை; கரண்ட் போனதும் பழைய தொல்லை திரும்பியது, அக்காவுக்குக் கட்டளையும் மறந்திருந்தது. ஞாயிறு ஆராதனையிலிருந்து எழுந்து வெளியே வந்து, அக்காவுக்குப் போனில் ஒவ்வோர் எழுத்தாகக் கட்டளையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

அடுத்த முறை போனபோது திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேள்விதான் கேட்டார்.

"கீபோர்டு, பிரிண்டரு எல்லாம் சொருகினா தானா வந்துடுது. இது மட்டும் ஏன் சார் கூப்பிட்டாதான் வருது?"

வீடு திரும்பியதும் அந்த டிரைவரின் மூல நிரலைத் திறந்தேன். செருகிய கருவி தன் அடையாள எண்ணைச் சொல்லும். அந்த எண்ணை வைத்துத்தான் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு எந்த டிரைவரை ஏற்றுவது என்று தெரியும். இந்த டிரைவருக்குள் எண்களின் பட்டியல் இருந்தது. பட்டியலை வெளியே அறிவிக்கும் ஒரு வரிதான் விட்டுப்போயிருந்தது. சேர்த்தேன்.

மறுவாரம் திருத்திய டிரைவரை ஆலைக் கணினியில் வைத்தேன். அக்காவே கணினியை அணைத்துப் போட்டார். திரையில் வெப்பநிலை ஓடியது.

"நீங்க கை வெக்கலையே சார்?"

"இல்லக்கா."

திருத்தத்தை, உலகெங்கும் பலர் சேர்ந்து எழுதும் அந்தக் கெர்னலைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பும்போது, பிழையைச் சொன்னவர் என்று அவர் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன்.

"நான் இன்னா பண்ணேன்? சும்மா கேட்டுக்கினு இருந்தேன்."

"நீங்க கேக்கலன்னா நான் தேடியே இருக்க மாட்டேன்க்கா."

எங்கோ ஒரு நாட்டில் இருந்த, நான் பார்த்தேயிராத ஒருவர், என் விளக்கத்தை இரண்டு முறை பொறுமையாகத் திருத்தச் சொன்னார். பிறகு எங்கள் இருவருக்கும் நன்றி எழுதிச் சேர்த்துக்கொண்டார். அவருக்கும் அக்காவுக்கும் நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் பெரிது. அவர்கள் இல்லையென்றால் போனில் கட்டளை சொல்லியே காலத்தை ஓட்டியிருப்பேன்.

திரையில் தன் பெயரைப் பார்த்த அக்கா, படம் எடுத்துத் தன் அப்பாவுக்கு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் சிரித்துக்கொண்டே வந்தார்.

"பரிசு எதுனா வந்துச்சான்னு நைனா கேக்குறாரு. இல்ல நைனா, ஒரு ரிப்பேரு, உலகத்துக்கே பண்ணிக்கீறோம்னு சொன்னேன்."